எடைப் புத்தகம் பாதிதான் சொல்லும்: தேயிலைத் தோட்டத்தில் புதிதாகப் பொறுப்பேற்கும் சூப்பர்வைசருக்கு

தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிஷனுக்குப் புதிதாக வரும் சூப்பர்வைசர் கையில் முதல் நாளே மூன்று புத்தகங்கள் வந்துவிடும். ஆட்களின் பெயரும் வருகையும் பதிவாகும் செக்ரோல், கொழுந்தின் எடைப் புத்தகம், எந்தக் காட்டில் (தேயிலைப் பாத்தியை அப்படித்தான் சொல்வார்கள்) எந்தத் தேதியில் கொழுந்து எடுத்தார்கள் என்ற சுற்றுப் பதிவு. யாருக்கு முட்டி வலி, யாருக்குக் காது மந்தம், யார் வீட்டில் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பதெல்லாம் இந்த மூன்றிலும் இருக்காது. கோத்தகிரியோ குன்னூரோ பந்தலூரோ, முப்பது நாற்பது பேருக்கு நிரை (செடி வரிசை) பிரித்துக் கொடுக்க நிற்கிறவருக்குக் காலை ஏழரை மணிக்குத் தேவைப்படுவது அந்த எழுதப்படாத நான்காவது புத்தகம். அதை அவரேதான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆட்களோடு பழகுவது பிறவிக் குணம், சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்று தோட்டங்களில் பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கவாத்து வெட்டக் கற்றுக்கொள்வதைப் போல இதையும் கற்றுக்கொள்ளலாம். முறை உண்டு, அதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டும், தவறாகச் செய்தால் செடி காய்வதைப் போல உறவும் காயும். அதிகம் பேசாத, கூச்ச சுபாவமுள்ள சூப்பர்வைசர்கள் இதை மிக நன்றாகச் செய்வார்கள். கேட்டதை மறக்காமல் இருந்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை: பிரச்சினை எதுவும் இல்லாத நாட்களில் இந்த வேலை நடக்க வேண்டும். எடை குறைந்த அன்றைக்கு மட்டும் பக்கத்தில் வந்து நின்று "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்கிறவரிடம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

பெயரிலிருந்து தொடங்கலாம்

செக்ரோலில் இருப்பது ஆதாரில் உள்ள பெயர். தொழிலாளர் குடியிருப்பான லைனில் கூப்பிடும் பெயர் பெரும்பாலும் வேறாக இருக்கும். நாற்பது பேரில் மூன்று லட்சுமி, இரண்டு செல்வி இருப்பார்கள். "மேல் லைன் லட்சுமி", "பெரிய லட்சுமி" என்று கேங்குக்குள் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவருக்குச் சம்மதமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். உடல் அமைப்பையோ ஊனத்தையோ வைத்து வந்த பட்டப்பெயர் என்றால், ஊரே கூப்பிட்டாலும் நீங்கள் கூப்பிடாதீர்கள். உங்கள் வயதுக்கு மூத்தவர் என்றால் பெயரோடு அக்கா, இன்னும் மூத்தவர் என்றால் அம்மா. இளையவர் ஆனாலும் "வாங்க, போங்க"தான். இருபத்திரண்டு வயதில் டிப்ளமோ முடித்து வந்தவர், இருபத்தைந்து ஆண்டு கொழுந்து எடுத்தவரை "ஏய், இங்க வா" என்று அழைத்தால், அந்தக் காட்டில் அவருக்குத் தெரிய வேண்டிய எதுவும் அதன் பிறகு அவர் காதுக்கு வராது.

பெயர் விஷயத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஆதாரில் ஒரு எழுத்து, பி.எஃப். பதிவில் ஒரு எழுத்து, வங்கிக் கணக்கில் வேறு தலைப்பெழுத்து என்பது தோட்டத்தில் சாதாரணம். பிறந்த தேதியும் மாறியிருக்கும். வேலையில் இருக்கும்வரை இது யாரையும் உறுத்தாது. 58 வயதில் பணத்தை எடுக்கப் போகும்போதுதான் விண்ணப்பம் திரும்பி வரும். முதல் மாதத்திலேயே ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் மூன்று ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, மாறுபாடு இருந்தால் ஆபீஸ் கிளார்க்கிடம் திருத்தச் சொல்லுங்கள். திருத்தத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குவதுதான் நல்லது. ஒருவரின் குடும்ப வரலாறு, எங்கிருந்து வந்தார், எப்போது கல்யாணம் ஆனது, அப்பா பெயர் எப்படி மாறிப் பதிவானது எல்லாம் இந்த ஒரு வேலையிலேயே தானாகப் பேச்சில் வந்துவிடும். நலம் விசாரிப்பதைவிட உபயோகமான விசாரணை இது.

கொழுந்துச் சுற்றோடு ஆள் சுற்று

நல்ல மகசூல் மாதங்களில் கைப்பறிப்பு என்றால் ஒரு காட்டுக்குத் திரும்பி வர ஏழு முதல் பத்து நாளாகும். கத்திரியால் வெட்டி எடுப்பது என்றால் இன்னும் நீளும். ஆட்களைப் பார்த்து வருவதற்கும் இதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். நாற்பது பேர் இருந்தால் நாளுக்கு ஐந்து பேர், ஒருவருக்கு மூன்று நான்கு நிமிடம். எட்டு வேலை நாளில் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிடலாம். நாளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. எட்டு நாள் முடிந்ததும் மறுபடி முதல் ஆளிடமிருந்து.

எந்த ஐந்து பேர் என்பதை முந்தின நாள் மாலையே குறித்து வையுங்கள். அப்படிக் குறிக்காமல் போனால் கலகலப்பாகப் பேசுகிற அதே ஆறேழு பேரிடம்தான் கால் போய் நிற்கும். நிரையின் கடைசியில் தலை நிமிராமல் பறிக்கிற பெண்ணின் பக்கம் மூன்று மாதம் போகாமலே இருந்துவிடுவீர்கள். பெரும்பாலும் அவரைத்தான் நீங்கள் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

நிற்கிற இடமும் முக்கியம். பாதையில் நின்று மேலிருந்து கேள்வி கேட்டால் அது விசாரணை. நிரைக்குள் இறங்கி, பக்கத்துச் செடியில் நீங்களும் நாலு கொழுந்து கிள்ளிக்கொண்டே பேசினால் அது பேச்சு. அவர் கை நிற்கக் கூடாது. எடைக்குக் காசு என்ற ஏற்பாட்டில் நீங்கள் பிடித்து வைக்கிற ஐந்து நிமிடம் அவருடைய பணம். பறித்ததை அவர் பையிலேயே போட்டுவிடுங்கள்.

முதல் கேள்வி ஆளைப் பற்றியதாக இருக்க வேண்டாம், வேலையைப் பற்றியதாக இருக்கட்டும். "இந்த நிரை எப்படி இருக்குங்கக்கா?" என்று கேட்டால் எல்லோருக்கும் சொல்ல ஒன்று இருக்கும். கீழே சதுப்பாக இருக்கிறது, போன சுற்றில் விட்டுப்போன இலை முற்றிக் கிடக்கிறது, குளவிக் கூடு இருக்கிறது என்று சொல்வார்கள். அது உங்களுக்குத் தேவையான தகவலும்கூட. அதில் ஒன்றையாவது அன்றைக்கே சரி செய்தால் அடுத்த சுற்றில் அவரே வேறு விஷயம் பேசுவார். முதல் சுற்றிலேயே வீட்டு விவரம் கேட்டு நோட்டில் எழுதத் தொடங்குகிறவர்களை கம்பெனி கணக்கெடுக்க அனுப்பியிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். இரண்டாவது மூன்றாவது சுற்றுவரை பொறுக்க வேண்டும். பதில் வர நேரமானால் அந்த இடைவெளியை நீங்கள் நிரப்பாதீர்கள்.

எடையைப் படிப்பது

பெரும்பாலான தோட்டங்களில் நாளுக்கு மூன்று எடை: காலை, மதியம், மாலை. நேரம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். கேங்கின் சராசரியோடு ஒருவரை ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்வது. அதில் கையில் வேகம் உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்பது மட்டும்தான் தெரியும். அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஒருவரை அவருடைய சொந்த எடையோடு ஒப்பிட வேண்டும். இதே காட்டில் போன சுற்றில் அவர் என்ன எடுத்தார், இந்த வாரம் அவருடைய வழக்கமான அளவு என்ன என்று பாருங்கள். வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் பெயருக்கு எதிரே பென்சிலில் ஒரு புள்ளி வையுங்கள். சாயங்காலம் பத்து நிமிட வேலை இது.

புள்ளி விழுந்த பிறகு பார்க்க வேண்டியது, அது தனிப் புள்ளியா, கூட்டமா என்பது. கேங் முழுக்கக் குறைந்தால் ஆட்களிடம் கேட்க ஒன்றுமில்லை. சுற்று நீண்டு போயிருக்கும், வெயிலில் துளிர் நின்றிருக்கும், டிசம்பர் ஜனவரி உறைபனியில் கருகியிருக்கும். அடுத்தடுத்த நிரையில் நின்ற மூன்று நான்கு பேருக்குக் குறைந்தால் அந்த இடம் மோசம். ஒருவருக்கு மட்டும் குறைந்தால்தான் அது அவரைப் பற்றிய செய்தி.

அதிலும் எந்த எடையில் குறைந்தது என்று பாருங்கள். காலை எடை மட்டும் குறைந்து மற்ற இரண்டும் வழக்கம்போல இருந்தால் அவர் தாமதமாகத் தொடங்குகிறார். காரணம் வீட்டு வாசலில் இருக்கும். லைனில் தண்ணீர் விடும் நேரம் மாறியிருக்கலாம், பிள்ளைக் காப்பக ஆயா லீவில் இருக்கலாம், பள்ளிக்குப் போகும் பிள்ளையை பஸ் ஏற்றிவிட வேண்டியிருக்கலாம். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிவானதிலிருந்து சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் காலை நெருக்கடி கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு மேல் போன பிள்ளை உள்ள வீட்டில் அப்படியேதான் இருக்கிறது. காலை நன்றாக இருந்து மதியத்துக்கு மேல் சரிந்தால் அது உடம்பு. சாப்பிடாமல் வந்திருக்கலாம், ரத்த சோகை, முட்டி, கத்திரி பிடிக்கிறவர் என்றால் மணிக்கட்டும் தோளும். நாள் முழுக்க சீராகக் குறைந்து, அது வாரம் தாண்டியும் தொடர்ந்தால் பெரும்பாலும் மனசு அல்லது நாட்பட்ட நோய். இந்த மூன்றையும் ஒரே மாதிரி "வேலையில் கவனமில்லை" என்று எழுதுகிறவர்தான் நல்ல கொழுந்துக்காரர்களை இழக்கிறார்.

எடை திடீரென்று கூடினாலும் பாருங்கள். கூடிய எடையில் முற்றிய இலையும் தண்டும் சேர்ந்திருந்தால் அவருக்கு அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது. இலைத் தரத்துக்காக அவரைக் கண்டிக்க வேண்டியிருக்கும், கண்டியுங்கள். ஆனால் கண்டித்த அன்றே, தனியாக, "ஏதாச்சும் செலவு வந்திருக்காக்கா?" என்று கேளுங்கள். பள்ளிக் கட்டணமாக இருக்கலாம், ஆஸ்பத்திரியாக இருக்கலாம், குழுக் கடன் தவணையாக இருக்கலாம். முன்பணம் வாங்க ஆபீசில் வழியிருந்தால் அதைச் சொல்லுங்கள். பலருக்கு அது கேட்டால் கிடைக்கும் என்பதே தெரியாது.

வராத நாட்களுக்கும் இதே கண்தான். மாதம் முழுக்க சிதறி நாலு நாள் வராதவரும், ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில் வராதவரும் வேறு வேறு. கிழமை மாறாமல் வந்தால் ஆஸ்பத்திரி நாளா, கடன் தவணை நாளா, குடிக்கிற கணவருக்குச் சம்பளம் வந்த மறுநாளா என்று பாருங்கள். தவணை நாளில் வசூல்காரர் காட்டுக்கே வந்து நிற்கிறார் என்றால், வேலை நேரத்தில் கூடாது என்று சொல்லி அனுப்பும் உரிமை தோட்டத்துக்கு உண்டு. நுண்கடன் நிறுவனங்கள் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடனாளிக்கு போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதித்ததையும் பெண்களுக்குச் சொல்லி வையுங்கள்.

மஸ்டரும் டீ நேரமும்

காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் பெயர் வாசிப்பதற்கு முன் ஒரு நிமிடம் முகங்களைப் பாருங்கள். நம்பரை வாசிக்காமல் பெயரை வாசியுங்கள். அவர் குரல் எப்படி வருகிறது என்பதே ஒரு தகவல். பத்து மணி டீயின்போது யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பது இன்னொன்று. ஒன்றாகவே சாப்பிட்ட இருவர் பிரிந்து உட்கார்ந்தால் நடுவில் சீட்டுப் பணமோ குழுக் கடனோ இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே குழுவில் கடன் வாங்கியவர்களில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் தலையில் விழும். அந்தச் சண்டையில் நீங்கள் நடுவராகப் போகாதீர்கள். ஆனால் சில நாட்களுக்கு அவர்களுக்கு அடுத்தடுத்த நிரை கொடுக்காமல் இருக்கலாம். தனியாக உட்காருகிறவர் தனிமையை விரும்புகிறவரா, ஒதுக்கப்பட்டவரா என்பதை ஒரு நாளில் முடிவு செய்ய முடியாது. ஒதுக்கப்பட்டவர் என்றால் காரணம் பெரும்பாலும் சாதி, அல்லது ஊர் வாய்க்குள் விழுந்த ஒரு வீட்டு விஷயம். குடிதண்ணீர் வைக்கும் இடம், டீ வாளி, டம்ளர் எல்லோருக்கும் ஒன்றா என்று பாருங்கள். அது ஒன்றாக இல்லையென்றால் அன்றைக்கே மாற்ற வேண்டும். அதில் பொறுமை காட்டத் தேவையில்லை.

ஒரு கேங்குக்குள் எத்தனை ஊர்

நீலகிரியில் ஒரே மஸ்டரில் நாலு மொழி கேட்கும். எல்லோரையும் ஒரே கேள்வியால் அறிந்துவிட முடியாது.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த மலையகக் குடும்பங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் ஏராளம். தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் 1968-ல் தொடங்கப்பட்டதே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். இன்றைக்கு வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே பிறந்த தலைமுறை. ஆனாலும் வீட்டில் பாட்டி கண்டியையோ பதுளையையோ பேசிக்கொண்டிருப்பார். "உங்க ஆளுங்க அங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் பேச்சு திறந்துகொள்ளும். "சிலோன்காரங்க" என்று தள்ளிவைத்துச் சொன்னால் மூடிக்கொள்ளும். ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும், போக வேறு ஊர் இல்லை என்ற கவலை ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பலருக்கு உண்டு. வீட்டைப் பற்றிய எந்தப் பேச்சையும் விளையாட்டாக எடுக்காதீர்கள்.

கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் சமூகத்தவர் வேலைக்கு வருவார்கள். பணியர்கள் தலைமுறைகளாகப் பண்ணையடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல்தான். மேலே நிற்கிறவர் எதைக் கேட்டாலும் "ஆமா" என்று சொல்லிவிட்டு மறுநாள் வராமல் இருப்பது அந்த அனுபவம் கற்றுக்கொடுத்த தற்காப்பு. அவர்களுடைய "ஆமா"வைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். "வரமுடியாதுன்னா முந்தின நாளே சொல்லலாம், ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லி, உண்மையிலேயே ஒன்றும் சொல்லாமல் இருந்து காட்டினால், சில சுற்றுகளுக்குப் பிறகு "இல்லை" என்று சொல்வார்கள். அந்த "இல்லை" வந்த நாளில்தான் நீங்கள் அவர்களை அறியத் தொடங்குகிறீர்கள். உறவில் சாவு என்றால் சடங்கு முடியும்வரை பல நாள் வர மாட்டார்கள். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டே வேலையைத் திட்டமிட வேண்டும்.

கோத்தகிரி, குந்தா பக்கம் படுகர்களின் ஊர்களான ஹட்டிகளில் சொந்தமாகச் சிறு தோட்டம் உள்ளவர்களே பக்கத்துத் தோட்டத்துக்கும் கூலிக்கு வருவதுண்டு. அவர்களுக்குத் தேயிலையைப் பற்றித் தெரியாததை நீங்கள் சொல்லிவிட முடியாது. அவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள். ஹெத்தையம்மன் பண்டிகை நாட்களில் ஆள் இருக்காது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதும், ஊரில் சாவு விழுந்தால் உறவு ஹட்டிகள் எல்லாம் போகும் என்று தெரிந்திருப்பதும் அடிப்படை.

ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் ஆட்களை மொத்தமாக "இந்திக்காரங்க" என்று சொல்வது பெரிய பிழை. ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்களில் பலருக்கு வீட்டு மொழி சாத்ரி, சந்தாலி, முண்டாரி, குருக். இந்தி அவர்களுக்கும் கற்ற மொழிதான். மொழிபெயர்க்க ஒரே ஆளை நம்பியிருந்தால் அந்த ஆள்தான் உண்மையான சூப்பர்வைசர். அவர் தன் சொந்தக்காரருக்கு நல்லதையும் மற்றவருக்குக் கெட்டதையும் சொல்லலாம். கூட்டி வந்த ஏஜென்டே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தால் சம்பளத்தில் பிடித்தம் நடக்கிறதா என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. இரண்டு பேரை மாற்றி மாற்றி வையுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். சம்பளம் யாருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். வசந்த காலத்து சர்ஹுல், ஆகஸ்ட் செப்டம்பரில் வரும் கர்மா, ஊரில் நெல் அறுவடை என எப்போது ஊருக்குப் போக விரும்புவார்கள் என்பதை வருடத் தொடக்கத்திலேயே குறித்து வைத்தால் செப்டம்பரில் கொழுந்து குவியும்போது ஆள் இல்லாமல் திண்டாட வேண்டாம்.

அறியாமல் இருந்தால் ஆபத்தானவை

சில விவரங்கள் பழக்கத்துக்காக அல்ல, பாதுகாப்புக்காகத் தேவை. அவற்றை இரண்டாவது சுற்றுக்குள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

யாருக்குக் காது சரியாகக் கேட்காது? வனத்தை ஒட்டிய தேயிலைக் காட்டில் "ஆனை, ஆனை" என்று கத்தினால் அவருக்குக் கேட்காது. பனிமூட்டத்தில் ஆள் தெரியவும் மாட்டார். அவருக்கு எப்போதும் பக்கத்து நிரையில் ஒரு துணை வேண்டும், ஓர நிரை கூடாது. யாரால் வேகமாக இறங்க முடியாது? யாருக்குக் கண் புரை? யாருக்குக் குளவி கொட்டினால் முகம் வீங்கி மூச்சு திணறும்? ஒருமுறை அப்படி ஆனவருக்கு அடுத்த முறை உயிராபத்து. அவர் எந்தக் காட்டில் நிற்கிறார், ஜீப் எங்கே நிற்கிறது என்பது உங்கள் தலையில் இருக்க வேண்டும். லைனுக்கு வெளியே குடியிருக்கிறவர்கள் எந்தப் பாதையில் நடந்து வருகிறார்கள்? யானையோ கரடியோ நடமாடுவதாக வனத்துறையிடமிருந்து தகவல் வந்தால் யாருக்கு போன் செய்து "வெளிச்சம் வந்தப்புறம் கிளம்புங்க, அரை நாள் வெட்ட மாட்டோம்" என்று சொல்ல வேண்டும் என்ற பட்டியல் கைவசம் வேண்டும். இரண்டாவது பாதி முதலாவதைவிட முக்கியம். சம்பளம் வெட்டப்படும் என்றால் இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள்.

அரிவாள் செல் ரத்த சோகை பற்றித் தெரியாமல் கூடலூர்ப் பக்கம் யாரும் சூப்பர்வைசர் வேலைக்கு வரக் கூடாது என்பேன். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இது இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. கடுங்குளிர், தண்ணீர் குறைவாகக் குடிப்பது, அளவுக்கு மீறிய உழைப்பு, காய்ச்சல் இவற்றில் எதுவும் எலும்பிலும் மூட்டிலும் தாங்க முடியாத வலியைக் கிளப்பிவிடும். நேற்று நன்றாக வேலை செய்தவர் இன்று எழ முடியாமல் கிடப்பார், மூன்று நாளில் மறுபடி வந்து நிற்பார். விவரம் தெரியாதவர் கண்ணுக்கு இது சோம்பேறித்தனமாகவோ குடியாகவோ தெரியும். யாருக்கு இந்த நோய் என்று நீங்கள் கேட்டு விசாரிக்க வேண்டியதில்லை, அது அவருக்கும் டாக்டருக்கும் இடையிலானது. மழை நாளில் நனைந்த துணியோடு நிற்க விடாமல், தண்ணீர் குடிக்க எல்லோருக்கும் நேரம் கொடுத்து, வலி என்று சொன்னவரைச் சந்தேகிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் போதும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இந்த நோய்க்குப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை அளித்து வருகிறது.

கர்ப்பம் பற்றியும் நேராகக் கேட்காதீர்கள். மருந்து கலக்கும் வேலைக்கும் அடிக்கும் வேலைக்கும் ஆள் போடும் முன், "யாருக்காவது இந்த வேலை இப்ப வேண்டாம்னா பெண் மேஸ்திரிகிட்ட சொல்லுங்க, காரணம் சொல்ல வேண்டியதில்லை" என்று பொதுவாக அறிவித்தால் சொல்ல வேண்டியவர் சொல்லிவிடுவார்.

ஆண் சூப்பர்வைசர், பெண் கேங்

இங்கே நல்லெண்ணம் மட்டும் போதாது. பேச்சு திறந்த வெளியில், மற்றவர் கண்ணில் படும்படி, ஆனால் காதில் விழாத தூரத்தில் இருக்க வேண்டும். ஒரே பெண்ணிடம் தொடர்ந்து போய் நின்றால் அவருடைய வீட்டில் சண்டை வரும், பாதிப்பு அவருக்குத்தான். எட்டு நாள் சுற்று என்ற ஒழுங்கு இதற்கும் பாதுகாப்பு, எல்லோரிடமும் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். லைன் வீட்டுக்கு, கூடலூர்ப் பக்கம் பாடி என்பார்கள், மாலையில் தனியாகப் போகாதீர்கள். சாவு, பிறப்பு, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் என்றால் காப்பக ஆயாவோ நல அலுவலரோ கூட வரட்டும், வாசலில் நின்று பேசிவிட்டு வாருங்கள். இரவில் வாட்ஸ்அப் செய்தி வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை குறித்த உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், எப்படிப் புகார் கொடுப்பது என்பதை நீங்களே மஸ்டரில் சொல்லுங்கள், உங்கள் மீதும் புகார் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்து. சொன்ன பிறகு பெண்கள் உங்களிடம் பேசுவது குறையாது, கூடும்.

மேஸ்திரியைத் தாண்டிப் போவதும் சிக்கலைக் கொண்டு வரும். இருபது ஆண்டாக அந்தக் கேங்கைப் பார்த்து வரும் மேஸ்திரி, நீங்கள் நேராகப் போய்ப் பேசினால் தன் இடம் போய்விட்டதாக நினைப்பார். முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்: தினமும் ஐந்து பேரைப் பார்ப்பேன், வேலை சம்பந்தமாக ஏதாவது வந்தால் உங்கள் வழியாகத்தான் செய்வேன், வீட்டு விஷயம் வந்தால் அது என்னோடு நிற்கும் என்று. தொழிற்சங்கத் தலைவரிடமும் இதையே. அவர்கள் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவரைப் பற்றி அவர்கள் சொன்ன முதல் தீர்ப்பை ஒரு சுற்றாவது தள்ளி வையுங்கள்.

அறிந்ததை வைத்து என்ன செய்வது

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒருவரின் கஷ்டம் தெரிந்ததும் அவருக்கு நல்ல நிரையாகக் கொடுக்கத் தொடங்குவார்கள். ஒரு வாரத்தில் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் அது தெரியும். பிறகு எல்லோரும் கஷ்டத்தைச் சொல்ல வருவார்கள், அல்லது யாருமே சொல்ல மாட்டார்கள். நிரை ஒரு வரிசைப்படி சுழல வேண்டும், அந்த வரிசை எழுதி, கொழுந்து கொண்டு வந்து சேர்க்கும் லீஃப் ஷெட்டில் ஒட்டியிருக்க வேண்டும். செங்குத்துச் சரிவு, சதுப்பு, காட்டோரம் மூன்றும் எல்லோருக்கும் முறை வைத்து வரட்டும். முட்டி அறுவை சிகிச்சை செய்தவருக்கு விலக்கு தேவையென்றால், அவர் சம்மதத்தோடு, "அக்காவுக்கு மூணு மாசத்துக்குச் சரிவு கிடையாது" என்று மஸ்டரில் சொல்லிவிடுங்கள். காரணமும் காலமும் தெரிந்த சலுகையைக் கேங் ஏற்றுக்கொள்ளும். சொல்லாமல் காட்டும் சலுகையை ஒருபோதும் ஏற்காது.

வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று ஒருவர் சொன்னால் "பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். தேதி போட்டு எழுதி, ஆபீசில் கொடுத்து, மூன்றாம் நாள் அவரிடம் போய் என்ன பதில் வந்தது என்று சொல்லுங்கள். "ஷீட் வரலை, அடுத்த மாசம்தான்" என்பதும் பதில்தான். திரும்பி வந்து சொல்லாமல் விட்டால், அவர் உங்களிடம் சொன்ன கடைசி விஷயம் அதுவாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை தேவாலாவிலும் பந்தலூரிலும் ஜூனில் பிடித்துக்கொண்டால் செப்டம்பர்வரை விடாது, அதனால் அங்கே ஒழுகல் கணக்கை ஏப்ரலிலேயே எடுத்துவிட வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் மழைக்கு முன்.

மகசூல் மாதங்களில் மட்டும் வரும் தற்காலிக ஆட்களுக்கு எட்டு நாள் சுற்று பொருந்தாது. முதல் நாளிலேயே நான்கு விஷயம் கேளுங்கள்: பெயர், எங்கிருந்து எந்தப் பாதையில் வருகிறார், உடம்பில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா, அவசரத்துக்கு யாருக்கு போன் செய்வது. பழைய ஆள் ஒருவரோடு ஜோடி சேர்த்து நிரை கொடுங்கள். மீதி தானாக வரும்.

நோட்டில் எழுதக் கூடாதவை

சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று போதும். ஒருவருக்கு ஒரு பக்கம். கூப்பிடும் பெயர், வீடு, பேசும் மொழி, வேலையில் சேர்ந்த ஆண்டு, கொழுந்தைத் தவிர நன்றாகத் தெரிந்த வேலை, பாதுகாப்புக்கான குறிப்பு, நீங்கள் சொன்ன வாக்கும் அதன் தேதியும். நோயின் பெயர், கடன் தொகை, சாதி, கணவன் மனைவி விவகாரம் எதையும் எழுதாதீர்கள். நோட்டு மழையில் நனையும், மறந்து லீஃப் ஷெட்டில் கிடக்கும், யார் கையிலாவது கிடைக்கும். அவற்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் மறந்துவிடுவதே மேல்.

மாற்றலாகிப் போகும்போது அடுத்தவரிடம் இந்த நோட்டை அப்படியே நீட்டக் கூடாது. உங்களை நம்பிச் சொன்னதை அவருக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை. காது, கண், குளவி, நடந்து வரும் பாதை, நிறைவேறாமல் நிற்கும் கூரை, பி.எஃப். திருத்தம் போன்ற பாக்கிகள் ஆகியவற்றை மட்டும் தனித்தாளில் எழுதி, அந்தந்த ஆளிடம் "இதைப் புது சாருக்குச் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். முடிந்தால் ஒரு முழுச் சுற்று இரண்டு பேரும் சேர்ந்து காட்டுக்குப் போய், நாளுக்கு ஐந்து பேராகப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். எட்டு நாள் கிடைக்காவிட்டால் முதலில் அறிமுகப்படுத்த வேண்டியது நிரைக் கடைசியில் தலை நிமிராமல் நிற்கிறவர்களை. மற்றவர்கள் தாங்களே அறிமுகமாகிக்கொள்வார்கள்.